ட்ரோன் தானே பறந்தால் பைலட்டுக்கு என்ன வேலை? டெல்டாவில் மருந்து அடிப்பவனின் குறிப்புகள்

கேள்வி, 2025 அக்டோபர் 5

மருந்து அடிக்கிற ட்ரோன் வாங்கலாமா என்று யோசனை. மானியம் போகக் கையிலிருந்து மூன்று, நான்கு லட்சம் போடவேண்டி வரும். ஆனால் இனி எல்லாம் ஆட்டோமேட்டிக், பைலட்டே தேவைப்படாது, இரண்டு வருஷத்தில் கம்பெனிக்காரனே வந்து அடித்துவிட்டுப் போவான் என்று கூட்டாளிகள் பயமுறுத்துகிறார்கள். இதில் இறங்கினால் பணம் முழுகிவிடுமா? ஓட்டுகிறவர்கள் யாராவது சொல்லுங்கள்.

அக்டோபர் 5, இரவு

உங்கள் கூட்டாளிகள் ரொம்ப லேட். அந்த ஆட்டோமேட்டிக் வந்து நாளாயிற்று. நீடாமங்கலம், மன்னார்குடி பக்கம் பத்து லிட்டர் டேங்க் ட்ரோன் வைத்து அடிக்கிறேன். வயலுக்குப் போனதும் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு வரப்பைச் சுற்றி நடந்து மூலைக்கு மூலை புள்ளி வைப்பேன். தென்னை, இ.பி. கம்பம், மோட்டார் கொட்டகை இருந்தால் அதைச் சுற்றித் தனியாகக் கட்டம் போட்டு ஒதுக்குவேன். உயரம் இவ்வளவு, வரிசைக்கு இடைவெளி இவ்வளவு, ஏக்கருக்கு இத்தனை லிட்டர் என்று கொடுத்துவிட்டால் அதுவே கிளம்பி, அதுவே வளைந்து, மருந்து தீர்ந்ததும் அதுவே திரும்பி வந்து உட்காரும். டேங்கை நிரப்பினால் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்ளும். ஒரு ஏக்கர் ஏழெட்டு நிமிஷம், அந்த நேரம் முழுக்க என் கட்டைவிரல் இரண்டும் சும்மாதான் கிடக்கும்.

மீதி வேலை எல்லாம் தரையில். பவுடர் மருந்தைத் தனி வாளியில் கரைத்து வடிகட்டி ஊற்றாவிட்டால் நாசில் அடைத்துக்கொள்ளும், ஒரு பக்க நாசில் அடைத்தது தெரியாமல் பறக்கவிட்டால் பத்து நாள் கழித்து வயலில் பட்டை பட்டையாகப் புழு தின்ற அடையாளம் தெரியும். குட்டி யானை வண்டியில் ஜெனரேட்டர், சார்ஜர், நாலைந்து செட் பேட்டரி, தண்ணீர் கேன். டேங்க் நிறைய இருந்தால் ஒரு செட் பத்துப் பன்னிரண்டு நிமிஷம்தான் தாங்கும், சூட்டோடு சார்ஜ் போட்டால் பேட்டரி உப்பிவிடும், ஆறவிட வேண்டும். இதையெல்லாம் இன்னும் எந்த ஏ.ஐ.யும் வந்து செய்யவில்லை.

அதனால் தானாகப் பறக்கிறதே என்று பயப்பட வேண்டாம். பயப்பட வேறு விஷயம் இருக்கிறது, நாளைக்கு எழுதுகிறேன்.

அக்டோபர் 6

விஷயம் இதுதான். தானாகப் பறக்கிற ட்ரோனை யார் வேண்டுமானாலும் பறக்கவிடலாம்.

2021 ஆகஸ்ட் 25-ல் வந்த ட்ரோன் விதிகளைப் பாருங்கள். முன்பு 25 படிவம் கேட்ட இடத்தில் 5 ஆயிற்று. பத்தாம் வகுப்பு, 18 முதல் 65 வயது, அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் ஒரு வாரம் உட்கார்ந்து எழுந்தால் சான்றிதழ், அது பத்து வருஷம் செல்லும். அந்த வழியாகத்தான் நானும் உள்ளே வந்தேன், அதனால் குறை சொல்லவில்லை. ஆனால் எனக்குத் திறந்த கதவு எல்லோருக்கும்தானே திறந்திருக்கிறது. அப்புறம் மானியம். விவசாயக் கருவிகளை வாடகைக்கு விடும் மையம் வைத்தால் 40 சதவீதம், 4 லட்சம் வரை. வேளாண் பட்டதாரி வாடகை மையம் வைத்தாலும், சிறு குறு விவசாயி வாங்கினாலும் 50 சதவீதம், 5 லட்சம் வரை. நமோ ட்ரோன் தீதி திட்டத்தில் மகளிர் குழுவுக்கு 80 சதவீதம், 8 லட்சம் வரை. 1,261 கோடி ரூபாய் ஒதுக்கி 15,000 குழு என்று இலக்கு வைத்தார்கள். மீதிப் பணத்துக்கும் வட்டிச் சலுகையோடு கடன்.

அந்த அக்காக்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. பக்கத்து ஊரில் ஒரு அக்கா என்னைவிட சுத்தமாக அடிக்கிறார், பேட்டரியைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்கிறார். ஆனால் ஆறேழு லட்சத்துக்கு வட்டி கட்டுகிறவனும், இரண்டு லட்சத்தில் வண்டியை எடுத்தவரும் ஒரே ரேட் சொல்ல முடியாது. நான் ஆரம்பித்தபோது எங்கள் பக்கம் ஏக்கருக்கு 600, 700 கொடுத்தார்கள். இப்போது 400-க்கு ஆள் வருகிறது. அறுப்பு மிஷின் தஞ்சாவூர் ஜில்லாவுக்குள் வந்தபோது மணிக்கு என்ன வாடகை, ஊருக்கு நாலு மிஷின் ஆனபிறகு என்ன வாடகை என்று உங்கள் அப்பாவைக் கேட்டுப் பாருங்கள், இதுவும் அதே வழியில்தான் போகிறது.

அக்டோபர் 6, கொஞ்ச நேரம் கழித்து

"அப்படியென்றால் சுற்றி வளைத்துத் தானியங்கிதான் காரணம் என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்களே" என்று கீழே ஒருவர் மடக்கியிருக்கிறார். பாதி ஒப்புக்கொள்கிறேன். கையால் ஓட்டுகிற காலமாக இருந்தால் வயல் வடிவத்துக்கு ஏற்ப நேர்கோடு பிடித்து ஓட்டத் தெரிந்தவனுக்குத் தனி மவுசு இருந்திருக்கும். இப்போது அந்தத் திறமைக்கு விலை இல்லை. வேலை போகவில்லை, வேலைக்கு இருந்த கூலி போயிற்று. இரண்டும் ஒன்றுதான் என்பவர்களோடு சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதை யாரும் பேசுவதில்லை. கைத்தெளிப்பான் சுமந்து டேங்க் கணக்கில் கூலி வாங்கிக்கொண்டிருந்தவர்களின் வேலையைத்தான் நாங்கள் வந்து வாங்கிக்கொண்டோம். மருந்து நெடியில் தலைசுற்றி வரப்பில் உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அந்த வேலை ஒழிந்தது நல்லதுதான். ஆனால் "எங்கள் பிழைப்பைக் கெடுக்கிறான்" என்று நாம் கொடி பிடிக்கும்போது அவர்களில் ஒருவர் எதிரே டீ குடித்துக்கொண்டு நின்றால் கொஞ்சம் குரல் இறங்கத்தான் செய்யும்.

அக்டோபர் 12

காற்று. இன்று ஒரு ஏக்கரும் இல்லை. அதனால் சட்டம் பேசலாம்.

பச்சை மண்டலத்தில் 400 அடிக்குக் கீழே பறக்க அனுமதி தேவையில்லை, சரி. விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் அது 200 அடி. 5 முதல் 8 கிலோமீட்டருக்குள் தரையிலிருந்தே மஞ்சள், அதாவது அனுமதி வாங்கித்தான் எழுப்ப வேண்டும். தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது, 2020 ஜனவரியில் சுகோய் போர் விமானப் படைப்பிரிவே வந்து உட்கார்ந்தது. அதைச் சுற்றியும் நெல்தான் விளைகிறது. நான் பறப்பது பயிருக்கு மேல் மூன்று மீட்டர், தென்னங்குருத்துக்குப் பாதி உயரம்கூட வராது. சுகோய் மூன்று மீட்டரில் வந்தால் பிரச்சினை எனக்கு மட்டும் இல்லை. ஆனால் விதிக்கு மூன்று மீட்டரும் வான்வெளிதான். இதற்கு மேல் முக்கியப் பிரமுகர் வருகை என்றால் தற்காலிக சிவப்பு மண்டலம், அதாவது பறக்கத் தடை, ஒரு தடவைக்கு 96 மணி நேரம் வரை. நெல்லைத் தாக்கும் புகையான் பூச்சி அந்த 96 மணி நேரத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

பெரிய கம்பெனிக்கு அனுமதிக் காகிதம் பார்க்கவே தனி ஆள். நமக்கு ராத்திரி சாப்பிட்ட பிறகு நாமேதான். செப்டம்பரில் மத்திய அரசு புது ட்ரோன் மசோதா வரைவு ஒன்றைக் கருத்துக்கு விட்டது; அதில் போலீஸே சோதனை போட்டுப் பறிமுதல் செய்யலாம் என்று இருந்ததால் தொழிலில் உள்ளவர்கள் கத்தினார்கள். ஜி.எஸ்.டி.யை எல்லா ட்ரோனுக்கும் 5 சதவீதமாக்கியதும் அதே செப்டம்பரில்தான் (கேமராவோடு சேர்ந்ததற்கு 18, சொந்த உபயோகத்துக்கு 28 என்று இருந்தது). வா வா என்று ஒரு கை, நில்லு என்று இன்னொரு கை.

அக்டோபர் 20

தீபாவளி. ராக்கெட் விடுகிறவனுக்கு சான்றிதழ் கேட்பதில்லை.

நவம்பர் 2

இதை எழுதலாமா என்று யோசித்தேன், எழுதிவிடுகிறேன். சின்ன ஆளை உண்மையில் இறுக்குவது மென்பொருள்தான்.

என் ட்ரோன் ஒரு இந்தியக் கம்பெனி விற்றது, பெயர் வேண்டாம். 2022 பிப்ரவரி 9-லிருந்து முழு ட்ரோனாக இறக்குமதி செய்யத் தடை, பாகங்கள் வரலாம். அதனால் பிரித்துப் பார்த்தால் ஹாபிவிங் மோட்டார், ஜியி கன்ட்ரோலர், ஸ்கைட்ராய்ட் ரிமோட் என்று சீனப் பெயர்களாகவே வரும், மேலே நம்மூர் ஸ்டிக்கர். இதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை, எந்தத் தொழிலும் அப்படித்தான் ஆரம்பிக்கும். ஆனால் இந்தப் பாகங்களை வைத்து எங்கள் ஊர் பையன் ஒருவனே அருமையாக ஒன்றைக் கட்டிவிடுவான், கட்டியும் இருக்கிறான். அதை வைத்துக் காசுக்கு மருந்து அடிக்க முடியாது, டைப் சர்டிபிகேட், அதாவது அந்த மாடலுக்கான தகுதிச் சான்று வேண்டும். அதற்கு ஆகும் செலவும் அலைச்சலும் பட்டறைக்காரன் தாங்கக்கூடியது இல்லை.

ஆக வண்டி கம்பெனியுடையது. போன குறுவையில் மோட்டார் ஒன்று போயிற்று. அதே மோட்டார் கடையில் கிடைக்கிறது, மாட்டினோம், பூட்டு விழுந்துவிட்டது. கம்பெனி ஆள் லேப்டாப்போடு வந்து திறந்துவிட்டால்தான் எழும்பும் என்றார்கள். வாரக்கணக்கில் காத்திருந்தேன், இலைச்சுருட்டுப் புழு சீசன் அந்தப் பக்கமாகப் போய்விட்டது. வந்த ஆள் செய்த வேலை ஐந்து நிமிஷம். பாவம் அவனும் சம்பளக்காரன், வேதாரண்யத்திலிருந்து பஸ்ஸில் வந்தான், சோறு போட்டு அனுப்பினேன்.

ட்ரோன் எந்த வயலில் எத்தனை ஏக்கர் அடித்தது என்பது எல்லாம் செயலி வழியாகக் கம்பெனிக்குப் போகிறது. என் வாடிக்கையாளர் யார், எந்த மாதம் யாருக்கு மருந்து தேவை என்பது என் நோட்டில் இருப்பதைவிட அவர்களிடம் ஒழுங்காக இருக்கும். நாளைக்கு அவர்களே புக்கிங் செயலி திறந்து, "உங்கள் பகுதி விவசாயி கேட்கிறார், ஏக்கருக்கு இவ்வளவு தருகிறோம், போகிறீர்களா" என்று எனக்கே குறுஞ்செய்தி அனுப்பினால் நான் என்ன சொல்வேன்? தவணை கட்டவேண்டிய மாதமாக இருந்தால் போவேன். டாக்ஸி ஓட்டுகிறவர்களுக்கு இது புரியும்.

நவம்பர் 9

"ஒரே ஆள் பத்து ட்ரோன் விட்டால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டவருக்கு.

ஜப்பானில் 80-களின் கடைசியிலேயே யமஹா ஆளில்லா ஹெலிகாப்டரில் நெல்லுக்கு மருந்து அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள், அதற்கு ஆள் தேவைப்பட்டுக்கொண்டேதான் இருந்தது. ஆனால் அதைச் சொல்லி ஆறுதல் அடைய முடியாது, ஏனென்றால் அமெரிக்காவில் 2024-ல் டெக்ஸாஸைச் சேர்ந்த ஹைலியோ கம்பெனிக்கு, ஒரே பைலட் மூன்று பெரிய தெளிப்பு ட்ரோன்களைச் சேர்த்து விடலாம் என்று அங்குள்ள விமானத் துறை விலக்கு கொடுத்துவிட்டது. தொழில்நுட்பம் இங்கேயும் இல்லாமல் இல்லை. 2022 ஜனவரி 29 டெல்லி விஜய் சௌக்கில் பாட்லேப் என்கிற ஐ.ஐ.டி. பையன்களின் கம்பெனி ஆயிரம் ட்ரோனை வானத்தில் நிறுத்திக் காட்டியது. ஆயிரத்தை நிறுத்தினவனுக்கு பத்தை வயலில் விடவா தெரியாது? நம் விதிகளிலேயே தானியங்கி ட்ரோன் என்று தனி வகை எழுதி வைத்திருக்கிறார்கள். கண்ணுக்கெட்டாத தூரத்துக்கு விடுவதும் சோதனையாக நடந்துவிட்டது, 2021 செப்டம்பரில் தெலங்கானா விகாராபாத்தில் ஆஸ்பத்திரி மருந்துப் பெட்டி அனுப்பினார்கள். அன்றாட வேலைக்கு மட்டும் இன்னும் கண்ணெதிரே வைத்துத்தான் ஓட்ட வேண்டும். அந்த ஒரு விதிதான் இப்போதைக்கு எங்கள் சோற்றில் கை வைக்கவிடாமல் காக்கிறது, எத்தனை நாளைக்கோ.

ஆனால் டெக்ஸாஸ் வயலும் டெல்டா வயலும் ஒன்றா? அங்கே பறந்துகொண்டே போனால் வயல் முடியாது. இங்கே ஒருத்தர் வயல் ஒன்றரை ஏக்கர், அடுத்தவர் வேறு ரகம், அவருக்கு வேறு மருந்து, அதற்கடுத்தவர் வெளிநாட்டில் இருக்கிறார், மச்சினன் வந்து சாவி கொடுத்தால்தான் மோட்டார் தண்ணீர். மூன்று ட்ரோனைச் சேர்த்து எழுப்ப மூன்று பேர் சம்மதம் ஒரே காலையில் வேண்டும். இந்தச் சில்லறைத்தனம்தான் எங்களுக்கு அரண். உழவர் உற்பத்தியாளர் கம்பெனி ஒன்று ஐம்பது பேரைச் சேர்த்து ஒரே நாளில் அடிப்பது என்று முடிவெடுத்தால் அரணும் போச்சு. விவசாயிகள் வயலில் செயல்விளக்கம் காட்ட என்றால் அவர்களுக்கு மானியம் 75 சதவீதம் வரை என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

டிசம்பர் 7

டிட்வா புயல் மழையில் பாதி சம்பா தண்ணீரில் நின்றது, இரண்டு நாளாகத்தான் வயலில் கால் வைக்க முடிகிறது. ட்ரோனுக்கு இதுதான் நேரம், ஆள் இறங்க முடியாத சேற்றில் அது பாட்டுக்கு அடிக்கும், போன் ஓயவில்லை.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும், விற்கிறவன் சொல்லமாட்டான். புகையான் தூரில், தண்ணீர் மட்டத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும். கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் ஊற்றி, பயிரை விலக்கி அடியில் அடிப்பார்கள். நாம் எட்டுப் பத்து லிட்டரை மேலேயிருந்து பனி மாதிரி தூவுகிறோம். இறக்கைக் காற்று கொஞ்சம் பயிரைப் பிளந்து உள்ளே தள்ளும், நெருங்கிய சம்பாப் பயிரில் அது தூருக்குப் போவது சந்தேகம். இலைச்சுருட்டுப் புழு, குலைநோய் என்றால் தைரியமாகக் கூப்பிடுங்கள். புகையான் என்றால் நானே சொல்லிவிடுவேன், வேகத்தைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டி அடிக்கலாம், காசு கூட ஆகும், அப்போதும் ஆள் விட்டு அடிப்பது மேல் என்று. அன்றைக்கு ஒரு புக்கிங் போகும், அடுத்த வருஷம் அவர் வயலைச் சுற்றியுள்ள நாலு பேர் வருவார்கள். புக்கிங் செயலியில் "அடிக்காதீர்கள்" என்று சொல்லும் பட்டன் இருக்காது.

டிசம்பர் 14

நேற்று நடந்தது. பெரியவர் ஒருவர் வயல் ஒன்பது மா என்றார். மூன்று மா ஒரு ஏக்கர் என்று அவர் கணக்கில் மூன்று ஏக்கர். வரப்போரம், வாய்க்கால் மூலை, தென்னை எல்லாம் ஒதுக்கியது போக ரிமோட்டில் 2.6 வந்தது. இப்படி வந்தால் எனக்குத்தானே நஷ்டம், அவருக்கு லாபம். ஆனால் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன தம்பி, எங்கப்பா காலத்திலிருந்து ஒன்பது மா, உன் பெட்டி நிலத்தைத் தின்னுடுச்சா?" மூன்று ஏக்கருக்கே காசை வாங்கிக்கொள் என்று பிடிவாதம் பிடித்தார். வாங்கிக்கொண்டேன், விடுபட்ட ஓரத்தைக் கைத்தெளிப்பானில் அடித்துக் கொடுத்தேன். இதை எதற்கு எழுதுகிறேன் என்றால், எதற்கும் இல்லை, சிரிப்பு வந்தது.

ஒன்று தோன்றுகிறது. ஓரம் அடிக்க வண்டியில் ஒரு கைத்தெளிப்பான் வைத்திருப்பவன் மாவட்டத்தில் எத்தனை பேர்? ரேட்டில் 400-க்கு வருபவரோடு போட்டி போட முடியாது, ஓரத்தில் போடலாம்.

2026 ஜனவரி 8

கல்யாண வீடியோ ஆட்கள் சிலர் "எங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே" என்கிறார்கள். நானும் அங்கிருந்து வந்தவன்தான். 250 கிராமுக்குள் இருக்கும் குட்டி ட்ரோனுக்கு பைலட் சான்றிதழே வேண்டாம், திரையில் மாப்பிள்ளை பெண் மேல் விரலால் தட்டிவிட்டால் அதுவே அவர்கள் பின்னால் போகும், அதுவே சுற்றி வந்து படம் பிடிக்கும். ட்ரோனுக்குத் தனிக் காசு வாங்கிய காலம் போய், ஆல்பத்தோடு இலவசம் என்று போட ஆரம்பித்தபோதே நான் விலகிவிட்டேன். அங்கே முடிந்த கதை. வேறென்ன சொல்ல.

சர்வே செய்பவர்களுக்கு நேர் எதிர். பறப்பதைப் பெட்டியே பார்த்துக்கொள்ளும், சோலார் பண்ணையிலேயே கூண்டு வைத்துத் தானாக எழுந்து தானாக இறங்கும் ட்ரோன்கள் வந்துவிட்டன. அங்கே காசு எடுத்த படங்களை ஒன்றாகத் தைத்து வரைபடமாக்கி, அளவு சரிபார்த்து, கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதில் இருக்கிறது. நில அளவை தெரிந்தவன் ட்ரோன் கற்றால் பிழைத்தான். ட்ரோன் மட்டும் தெரிந்தவனுக்கு தினக்கூலி.

ஜனவரி 18

முதலில் கேட்ட நண்பர் "கடைசியாக என்னதான் சொல்கிறீர்கள், வாங்கவா வேண்டாமா" என்று தனியாக எழுதினார். பொதுவிலேயே சொல்கிறேன்.

பறக்கத் தெரிந்ததை வைத்துச் சம்பாதிக்கப் பார்த்தால் வேண்டாம். உரக்கடை, நாற்றங்கால், வாடகை டிராக்டர் என்று ஏற்கெனவே விவசாயி வீட்டு வாசலுக்குப் போய்வருகிற ஏதாவது தொழில் இருந்தால், அதோடு சேர்த்து எடுங்கள். மருந்து எது, எப்போது, எவ்வளவு என்று தெரிந்து, தப்பானால் வந்து நிற்கிற ஆளுக்குத்தான் இனி கூலி. போன வருஷம் எனக்குத் தெரிந்த ஒருவர் குறுவை நெல்லுக்குக் களைக்கொல்லி அடித்தபோது காற்று திரும்பி, பக்கத்துக் கோடைப் பருத்தியில் இலை எல்லாம் சுருண்டு நார் நாராகப் போயிற்று. பஞ்சாயத்தில் அவர்தான் உட்கார்ந்தார். செயலியும் கம்பெனியும் வரவில்லை, கேட்டால் "பைலட் பொறுப்பு" என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. பறக்கிற நேரம் முழுக்கத் தானியங்கி, பழி வருகிற நேரத்தில் மட்டும் பைலட். ஆகவே மூன்றாம் நபர் காப்பீடு எடுக்காமல் ஒரு வயலிலும் இறங்காதீர்கள், அந்தக் காப்பீடு மருந்துச் சாரல் பட்டுப் பயிர் போவதை ஏற்குமா என்று ஏஜென்டிடம் எழுத்தில் வாங்குங்கள், பெரும்பாலும் முழிப்பார்.

மானியத்துக்கு வேளாண் பொறியியல் துறை, உழவன் செயலியிலேயே பதியலாம், முன்னுரிமை வரிசை நீளம். டீலரிடம் விலையைப் பேசுவதற்கு முன் பேட்டரி ஒரு செட் என்ன விலை, எத்தனை சுற்றுக்கு உத்தரவாதம், மோட்டார் போனால் பூட்டைத் திறக்க ஆள் எங்கிருந்து எத்தனை நாளில் வருவார் என்று கேளுங்கள். ஆள் திருவாரூரிலேயே இருக்கிறார் என்றால் அவர் போன் நம்பரை வாங்கி, டீலர் எதிரிலேயே ஒரு தடவை அடித்துப் பாருங்கள்.